இரண்டாவது அடி

முதல் அடி கையிலிருந்து வந்தது, இரண்டாவது அடிதான் தன்னிடமிருந்து வந்தது என்று தாட்சாயணிக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது. கைக்கு யோசிக்கத் தெரியாது, வலித்தால் அது திருப்பி வீசும். காலையில் வேட்டி மாற்றிவிடும்போது அப்பா அவள் மணிக்கட்டைக் கடித்தார், கை தன்னால் வீசி அவர் கன்னத்தில் விழுந்தது, அதோடு முடிந்திருந்தால் பழியைக் கையின் மேல் போட்டுவிட்டு வேலைக்கு வந்திருக்கலாம். ஆனால் நடுவில் ஒரு மூச்சு இருந்தது. அவள் மூச்சை இழுத்தாள், பல் பதிந்த இடத்தில் ரத்தம் கசிவதைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையை நன்றாகப் பின்னால் கொண்டுபோய் இன்னொரு தடவை அடித்தாள். கையைப் பின்னால் கொண்டுபோன அந்தத் தூரத்தை நினைத்தால் இப்போதும் தோள்மூட்டு சுட்டது. உள்ளங்கை அதைவிட. "மேடம், ஆரம்பிக்கலாங்களா?" என்று அருளப்பன் கேட்டபோதுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முன்பு காய்கறிக் கிடங்காக இருந்த நீளமான கூடம், இப்போது வீடற்ற முதியவர்களுக்கான நகராட்சிக் காப்பகம். இரண்டு வரிசை இரும்புக் கட்டில்கள், கட்டில்களில் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் கோவில் வாசலிலிருந்தும் கூட்டிவந்த கிழவர்கள், கிழவிகள். பினாயில் நெடி கண்ணைக் கரித்தது. நாளைக்குச் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. வரும் அதிகாரிகள் என்ன கேட்பார்கள், அதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று இங்கே வேலை செய்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நகராட்சி அனுப்பிய சமுதாய அமைப்பாளர் அவள். கடிவாய் தெரியாமலிருக்கக் கைக்கடிகாரத்தை வலது மணிக்கட்டில் மாற்றிக் கட்டியிருந்தாள். அதன் வார் ஒவ்வொரு அசைவுக்கும் காயத்தை அறுத்தது. அறுக்கட்டும் என்று இருந்தது.

"நான்தான் அந்த அதிகாரின்னு வெச்சுக்கங்க" என்றாள். எதிரே பெஞ்சில் பராமரிப்பாளர் அருளப்பன், சமையல்காரி செண்பகம், வாட்ச்மேன் மூவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். "இங்க இருக்கிற பெரியவங்கள யாராவது அடிக்கிறதுண்டா?" கேள்வி முடிவதற்குள் மூவரும், "இல்லீங்க மேடம்" என்றார்கள். "இவ்வளவு வேகமா சொல்லாதீங்க. அடிக்கிறவங்கதான் இவ்வளவு வேகமா சொல்லுவாங்க. ஒரு நிமிஷம் புரியாத மாதிரி பாருங்க, அடிக்கிறதான்னு நீங்களே திருப்பிக் கேளுங்க, அப்புறம் சொல்லுங்க." இது எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. காலையில் கதவைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கும்போது எதிர்வீட்டுக்காரர், அப்பா எப்படி இருக்காரும்மா என்று கேட்டார். அப்பாவா, என்று அவள் ஒரு கணம் புரியாத மாதிரி பார்த்தாள். நல்லா இருக்காரு சார், என்றாள். எவ்வளவு சரளமாக வந்தது. பல வருஷப் பழக்கம்போல வந்தது. அருளப்பன் இப்போது அவள் சொன்னபடியே புருவத்தைச் சுருக்கி, "அடிக்கிறதா? நம்ம அப்பா அம்மா மாதிரி மேடம் இவங்கெல்லாம்" என்றான். செண்பகம் சிரித்துவிட்டாள். நன்றாகத்தான் சொன்னான். தாட்சாயணி அவன் கைகளைப் பார்த்தாள். அகலமான, மயிர் அடர்ந்த, நகங்களுக்கடியில் சோப்புத்தூள் வெளுத்த கைகள். அந்தக் கை விழுந்தால் எப்படி இருக்கும் என்று கன்னத்தில் ஒரு கணம் உணர்ந்தாள். கன்னம் யாருடையது என்று தெரியவில்லை. அவளுடையதாகவும் இருந்தது, அப்பாவுடையதாகவும் இருந்தது.

கூடத்தின் கடைசியில் சுவர் பக்கம் திரும்பி நின்று ஒருவர் பூசிக்கொண்டிருந்தார். அவரைக் கொத்தனார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், பெயர் அவருக்கே மறந்துவிட்டது. காலையில் தட்டில் வைத்த உப்புமாவை உள்ளங்கையில் எடுத்துச் சுவரில் அறைந்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி மட்டமாகத் தேய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்திலிருந்து சரிபார்த்தார். நேற்றுதான் ஆய்வுக்காக வெள்ளையடித்த சுவர். சில நாள் உப்புமாவுக்குப் பதில் அவர் கைக்கு அகப்படுவது தன் மலமாக இருக்கும் என்று செண்பகம் சொன்னாள். அவர் திரும்பியபோது தாட்சாயணி அந்த முகத்தைப் பார்த்தாள். இடது கண்ணைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, கன்ன எலும்பின் மேல் பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. "இது என்ன?" என்றாள். அருளப்பன் கொஞ்சமும் தயங்கவில்லை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு மேடம்." பாத்ரூம். எல்லோரும் பாத்ரூமில்தான் விழுகிறார்கள். அம்மாவும் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தாள், தாட்சாயணி பள்ளிக்கூடம் போன காலமெல்லாம், வாரம் தவறாமல். அக்கம்பக்கத்தில் கேட்டால் அம்மா தன் காலைத்தான் திட்டுவாள், இந்தப் பாழாப்போன காலு எங்கயும் நிக்கமாட்டேங்குது என்று. அப்பா உள்ளே ஈஸிசேரில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். "ஏ சித்தாளு" என்று கொத்தனார் அவளைப் பார்த்துக் கூப்பிட்டார், "நின்னுக்கிட்டே இருக்கியே, கலவ கொண்டா." அவள் குறிப்பெடுக்கும் பேனாவை உயர்த்தியதும் அவர் பட்டென்று தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கண்ணை மூடினார். பேனாவை மெதுவாக இறக்கினாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர் பேனாவுக்குப் பயப்படமாட்டார், அதை நாளை வருகிறவர்களும் பார்ப்பார்கள் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. அவருக்கு வலிக்குமே என்பது பிறகுதான் தோன்றியது. எது முதலில் தோன்றியது என்பதைக் கவனித்ததும் தன்மேலேயே காறித்துப்ப வேண்டும்போல இருந்தது.

அப்பா டிரில் மாஸ்டர். மைதானத்தில் அவர் விசில் ஊதினால் பையன்கள் டவுசரிலேயே மூத்திரம் போவார்கள். பிரம்பைப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டு வருவார், வீட்டில் அவருக்குக் கையே போதும். அந்த ஆள்தான் இப்போது இடுப்பில் துணி நிற்காமல், மகள் பெயர் தெரியாமல், அவள் ஊட்டுவதை அவள் முகத்திலேயே துப்பிக்கொண்டு கிடக்கிறார். கல்யாணம் நிலைக்காமல் அவள் இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வந்தாள், அம்மா அப்போது போய்ச் சேர்ந்திருந்தாள். தம்பி ஓசூரிலிருந்து போனில், அப்பாவ நல்லா பாத்துக்கக்கா என்பான், அவன் பிள்ளைகள் பின்னால் விளையாடும் சத்தம் கேட்கும். நான் யார் மேலேயும் கை வைக்கமாட்டேன் என்று சின்ன வயதில் சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருந்தாள், அம்மாவின் உதடு கிழிந்த ஒரு நாளில். இத்தனை வருஷம் காப்பாற்றிய வார்த்தை. காலையில் இரண்டாவது அடி விழுந்ததும் அப்பா அவளைத் திருப்பி அடிப்பார் என்று நினைத்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் கட்டிலின் மூலைக்கு நகர்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அய்யா, அடிக்காதீங்கய்யா, இனிமே செய்யமாட்டேன்யா" என்றார். அது அவர் குரலே இல்லை, ஏழெட்டு வயதுப் பையனின் குரல். எந்த அய்யா, எந்தக் காலத்து அடி. அந்தக் குரலைக் கேட்டதும் இரக்கம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது ஒரு நிம்மதி, நாள்பட்ட கட்டி உடைந்து சீழ் வடிகிறாற்போல ஒரு நிம்மதி. அதை நினைக்கத்தான் பயமாக இருந்தது. பிறகு அவர் பேசவில்லை, அசையவில்லை, சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவள் தலை வாரி, பூட்டைப் போட்டு வந்துவிட்டாள். வயதானவர்களுக்குத் தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கட்டி மெல்ல மெல்லத்தான் போவார்களாம். புடவை மடிப்புக்குள் மறைத்துப் பக்கத்து வீட்டு நூர்ஜகானுக்கு மறுபடி போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அடுத்த கேள்வி கேளுங்க மேடம்" என்று வாட்ச்மேன் சொன்னான். கேட்டாள். கட்டிப்போடுவதுண்டா, பட்டினி போடுவதுண்டா, ராத்திரியில் யார் பார்த்துக்கொள்வது. ராத்திரி என்றதும் அருளப்பன் மனப்பாடத்தை விட்டுவிட்டான். "நான் ஒருத்தன்தான் மேடம், பகலும் நான், ராத்திரியும் நான். ஒருத்தருக்குப் பேதி, அவருக்குக் கழுவி முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் வெளிய ஓடுறாரு, அவரப் புடிச்சிட்டு வந்தா அந்தக் கெழவி என் கையக் கடிக்குது. நான் தூங்கி எத்தன நாளாச்சுன்னு எனக்கே தெரியல." சொல்லிக்கொண்டே எழுந்து போனான், பக்கத்துக் கட்டிலில் பல்லில்லாத ஒருவர் உப்புமாவை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார், அவர் முன்னால் குந்தி அதைப் பாலில் பிசைந்து, விரலால் அவர் கீழுதட்டைத் தட்டித் திறந்து, நாக்கின் நடுவில் வைத்தான். அவர் விழுங்கும்வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயோரம் வழிந்ததைத் தன் லுங்கி நுனியால் துடைத்தான். அதே கைதான். இவனை வெறுக்க முடிந்தால் இன்றைய நாள் எவ்வளவு எளிதாகப் போய்விடும் என்று தாட்சாயணி நினைத்தாள். கிழவி கடித்த இடம் எது என்று கேட்கத் தோன்றியது, கேட்டால் தன் கடிகாரத்தைக் கழற்றிக் காட்டிவிடுவோம் என்று பயமாக இருந்தது. நான் மட்டும் என்ன, எனக்கு ஒரே ஒரு ஆள்தான், இவனுக்குக் கூடம் நிறைய. ஒரே ஒரு ஆளுக்கே நான் அடித்தேன். இல்லை, அந்த ஒரே ஒரு ஆள் யார் என்பதால்தான் அடித்தேன். அம்மாவுக்காகவா அடித்தேன்? அப்படிச் சொல்லிக்கொண்டால் எவ்வளவு சௌகரியம். அம்மா உயிரோடு இருந்தால் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து விழுந்து அந்த அடியையும் தான் வாங்கியிருப்பாள்.

மேலாளரின் போன் வந்தது. நகராட்சி மேலாளர் எப்போதும் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். "என்னம்மா, எல்லாம் ரெடியா? அந்தக் கொத்தனார் கண்ணு இன்னும் வீங்கித்தான் இருக்கா?" அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இருக்கிறது என்றாள். "அப்ப அவர நாளைக்கு அங்க வெக்க வேணாம். வண்டி அனுப்பியிருக்கேன். நாலு ஊர் தள்ளி ஏதாவது பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டுட்டு வந்துரட்டும். அங்க இருக்கிற முனிசிபாலிட்டி பாத்துக்கும்." சார், அவருக்குத் தன் பெயரே தெரியாது, ரோடு தாண்டத் தெரியாது, என்றாள். "நல்லதாப் போச்சு, எங்கேருந்து வந்தேன்னு சொல்லமாட்டாரு" என்று அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தி, "காப்பகத்த மூடிட்டா மத்தவங்க எங்க போவாங்க, யோசிச்சுப் பாரு" என்றார். அவளும் யோசித்தாள், அதுதான் கொடுமை. நிஜமாகவே யோசித்தாள். ஒரு கிழவனுக்குப் பதில் ஒரு கூடம் நிறையக் கிழவர்கள் என்று மனசு கூட்டிக்கழித்தது, சரிதானே என்று ஒரு குரல் சொன்னது, அந்தக் குரல் அப்பாவின் குரல்போல இருந்தது, மைதானத்து வெயிலில் ஒருவனை அடித்தால் நூறு பேர் ஒழுங்காக நிற்பார்கள் என்று சொல்லும் குரல். அவள் வாயைத் திறக்கும் முன்பே வாசலில் குப்பை அள்ளும் வண்டி வந்து நின்றது. பின்பக்கத் தொட்டியை அவசரமாகக் கழுவியிருந்தார்கள், தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வாழைப்பழத் தோல் ஒன்று மூலையில் ஒட்டியிருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது, ஆனால் அவளுக்குள் மிக மெதுவாக நடந்தது. அருளப்பனும் வண்டி டிரைவரும் கொத்தனாரின் இரண்டு பக்கமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். "வா பெருசு, வேல வந்திருக்கு, பெரிய கட்டடம்" என்று அருளப்பன் சொன்னான். கட்டடம் என்றதும் அவர் கொஞ்ச தூரம் ஆசையாகவே வந்தார். வண்டியைப் பார்த்ததும் நின்றார். வழியில் இருந்த ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கச் செங்கல்லும் சட்டியும் பிடித்த கை, இரண்டு ஆண்கள் இழுத்தும் விடவில்லை. "வுடுய்யா" என்று அருளப்பன் கத்தினான். கொத்தனார் திரும்பி அவன் தோளில் கடித்தார். அவன் சுவரில் சாய்த்து வைத்திருந்த மாப்புக் கட்டையை எடுத்துக் கம்பியைப் பிடித்த விரல்களின் மேல் அடித்தான். காய்ந்த முருங்கைக்காய் ஒடிகிறாற்போல ஒரு சத்தம். கட்டில்களிலிருந்து கிழவர்கள் ஊளையிட ஆரம்பித்தார்கள். நிறுத்துங்க என்று தாட்சாயணி கத்தினாள், கத்தினேனா நினைத்தேனா என்று தெரியவில்லை. அருளப்பன் ஒரு மூச்சு இழுத்தான். அந்த மூச்சை அவள் பார்த்தாள். அவன் மார்பு விரிவதை, கண் ஒரு நொடி தெளிவதை, தோள் பின்னால் போவதை, கட்டை தலைக்கு மேல் ஏறுவதைப் பார்த்தாள். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், எல்லோராலும் அந்த இடத்தில் நிறுத்த முடியும், அந்த இடத்துக்காகத்தான் மனுஷனுக்கு மூச்சு. அதிகாரிகளின் மேஜைக்காகச் செண்பகம் வீட்டிலிருந்து கொண்டுவந்து பூ வைத்திருந்த பித்தளைச் சொம்பு அவள் கைக்கு எப்படி வந்தது என்று பிறகு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதன் கனம் மட்டும் ஞாபகம் இருந்தது. அவன் நெற்றியில் அது மோதியபோது முழங்கைவரை அதிர்ந்தது, தண்ணீரும் சாமந்தியும் அவன் மேல் கொட்டின, பிறகு ரத்தம் வந்தது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் மூச்சை இழுத்தாள். சொம்பை மறுபடி ஓங்கினாள். செண்பகம் பின்னாலிருந்து ஓடிவந்து அவள் கையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தொங்கினாள், "அம்மா, வேணாம்மா, செத்துருவாம்மா" என்று அலறினாள். அவளாக நிற்கவில்லை, செண்பகம்தான் நிறுத்தினாள். அருளப்பன் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவளை அண்ணாந்து பார்த்தான். கோபமே இல்லை, ஏதோ ஊர்க்காரியை அடையாளம் கண்டுகொண்டாற்போலப் பார்த்தான். "நீங்களும் நல்லாத்தான் அடிக்கிறீங்க மேடம்" என்றான்.

டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். ஆட்டோவில் மூவரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், நடுவில் கொத்தனார், ஒரு பக்கம் நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு அருளப்பன், மறுபக்கம் அவள். கொத்தனாரின் விரல்கள் மூன்று வெவ்வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் அதைக் கவனிக்காமல் வெளியே புதிதாக எழும்பும் கட்டடங்களைப் பார்த்து, "பூச்சு சரியில்ல, மழைக்கு நிக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். குலுங்கும்போது மட்டும் முனகினார். வண்டி குலுங்கியபோதெல்லாம் அருளப்பன் தன் இன்னொரு கையை அவர் உடைந்த கைக்கடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டான். அவள் புடவையில் சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடத் தோன்றவில்லை. ஒரு கேள்வி மட்டும் வண்டிச் சக்கரம்போலச் சுற்றியது, நான் அவனை அடித்தது கொத்தனாரைக் காப்பாற்றவா? காப்பாற்ற முதல் அடி போதும். ஓங்கிய இரண்டாவது யாருக்கு? அவன் மூச்சிழுத்த விதம் எனக்குத் தெரிந்த விதம், அதை என் கண்ணால் வெளியே பார்த்துவிட்டேன், அதனால் அவனைக் கொன்றுவிடப் பார்த்தேன். கொன்றிருப்பேன். செண்பகம் இல்லாவிட்டால் இந்நேரம் மண்டை உடைந்து கிடந்திருப்பான், இவனுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட நான் கேட்டதில்லை. அப்பா தனியாக இருக்கிறார். வீட்டில் செண்பகம் இல்லை.

டூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண், தூக்கமில்லாத கண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது விழுந்து உடைஞ்ச மாதிரி இல்லையே. யாரு அடிச்சது?" என்று மூவரையும் பொதுவாகக் கேட்டாள். கொத்தனார் தன் நல்ல கையை நீட்டித் தாட்சாயணியைக் காட்டினார். "இந்தச் சித்தாளுதான்" என்றார். டாக்டரின் கண் அவள் மேல் வந்து நின்றது. தாட்சாயணிக்குக் காது அடைத்துக்கொண்டது. புரியாத மாதிரி பார், திருப்பிக் கேள், பிறகு சொல். எல்லாம் தெரிந்திருந்தும் உதடு திறக்கவில்லை. கிழவர் பொய் சொல்லவில்லை, ஆளைத்தான் மாற்றிச் சொல்கிறார், என்று மனசு ஓடியது. "இல்ல டாக்டர், அவரு தெரியாம சொல்றாரு" என்று அருளப்பன் எழுந்து நின்றான். "நான்தான் அடிச்சேன். கட்டையால. கண்ணுல இருக்கிறதும் நான் அடிச்சதுதான், போன வாரம்." டாக்டர் பேனாவை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். "உங்க நெத்தி?" அவன் தாட்சாயணியைப் பார்க்கவே இல்லை. "அது பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றான். இப்போது சொல்ல வேண்டும், இப்போது, இந்த நிமிஷம். டாக்டர் எழுத ஆரம்பித்தாள், போலீசுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றாள், அருளப்பன் சரி என்றான், நிமிஷம் போய்விட்டது. டாக்டர் எழுதி முடித்துத் தாட்சாயணியின் பக்கம் திரும்பி, "நீங்க கூட்டிட்டு வரலன்னா இவரு என்ன ஆயிருப்பாரோ. உங்கள மாதிரி ஒருத்தர் அங்க இருக்கிறது நல்லது மேடம்" என்றாள்.

மாவுக்கட்டுப் போடும்போது கொத்தனார் வலியில் அலறிவிட்டு, கட்டு இறுகியதும் அமைதியாகி அதை நல்ல கையால் தடவிப் பார்த்து, "கலவ பரவால்ல" என்றார். வார்டில் அவரோடு இருக்க ஆள் வேண்டும் என்றார்கள். போலீஸ் வரும்வரை நானே இருக்கிறேன் என்று நெற்றியில் தையலோடு அருளப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தாட்சாயணி தாழ்வாரத்துக்கு வந்து மேலாளரைக் கூப்பிட்டாள். "சார், கொத்தனார் ஆஸ்பத்திரில இருக்காரு. வெரல் உடைஞ்சிருக்கு. போலீசுக்கு எழுதிட்டாங்க. நாளைக்கு வர்றவங்க கேட்டா நான் இதத்தான் சொல்லுவேன். வண்டி அனுப்பினதையும் சொல்லுவேன்." அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் நின்றது. உன்ன வேலைய விட்டே தூக்கிருவேன் என்று மேலாளர் கத்தியது காதில் விழுந்தது, எங்கோ வேறு வீட்டுச் சண்டைபோல விழுந்தது. அவள் உள்ளே போய் அருளப்பனின் முன்னால் நின்றாள். "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள். எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. "உங்களுக்கு எதாவது ஆச்சுன்னா நாளைக்கு அங்க யாரு மேடம் இருப்பா, நானும் இருக்கமாட்டேன்" என்றான். பிறகு, "போங்க, கட்டு போடுங்க, கைல ரத்தம் வருது" என்று அவள் கடிகாரத்தைக் காட்டினான். வாருக்கடியிலிருந்து ஒரு கோடு வழிந்து உலர்ந்திருந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "கடிச்சதா?" என்றான். அவள் முந்தானையால் கடிகாரத்தை மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

படியில் போன் அடித்தது. நூர்ஜகான். "போன வீட்டுல வெச்சிட்டுப் பொண்ண டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டேண்டி, என்ன இத்தன தடவ கூப்புட்டிருக்க?" அப்பாவைப் போய்ப் பார், ஜன்னல் வழியாகப் பார், என்றாள். போனைக் காதில் வைத்தபடியே நூர்ஜகான் நடப்பது கேட்டது, செருப்புச் சத்தம், கேட் சத்தம், பிறகு ஒரு நீளமான மௌனம். அந்த மௌனத்தில் தாட்சாயணி மனசுக்குள் அப்பாவுக்குப் பாடை கட்டி, தம்பி வந்து, கொள்ளி வைத்து, கன்னத்தில் அது என்ன தடம் என்று ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து முடித்துவிட்டாள். "உக்காந்திருக்காரு" என்றாள் நூர்ஜகான். "மூலைல உக்காந்திருக்காரு. கூப்பிட்டா திரும்பல." ஆஸ்பத்திரி வாசலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். மத்தியான வெயில் கண்ணில் அறைந்தது. உயிரோடு இருக்கிறார். அப்படியானால் மறுபடி அடிப்பேன். சந்தோஷத்துக்குப் பின்னாலேயே அந்த நினைப்பும் வந்து ஒட்டிக்கொண்டது, பஸ்ஸிலிருந்து இறங்கித் தெரு முனை திரும்பும்வரை பிரியவே இல்லை.

நூர்ஜகான் வாசலில் சாப்பாட்டுத் தட்டோடு காத்திருந்தாள். தாட்சாயணி பூட்டில் வைத்த சாவி துவாரத்தைச் சுற்றிச் சுற்றிக் கீறியது. நூர்ஜகான் வாங்கித் திறந்தாள். உள்ளே மூத்திர நாற்றம். கட்டிலின் மூலையில் அப்பா. கதவு திறந்த வெளிச்சத்தில் மகளைப் பார்த்ததும் முழங்கையை மடக்கி முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தார், அப்படியே வைத்திருந்தார். "என்னடி இது? உன்னப் பாத்து ஏன் இப்படி ஒடுங்குறாரு? கன்னம் வேற செவந்து கெடக்கு" என்றாள் நூர்ஜகான். பாத்ரூமில், என்று தொண்டைவரை வந்தது. அம்மாவின் வார்த்தை, அருளப்பனின் வார்த்தை. அதை விழுங்கினாள், பித்த நீரைப்போல அது கசந்துகொண்டு இறங்கியது. "நான் அடிச்சேன்" என்றாள். நூர்ஜகான் தட்டை ஜன்னல் திட்டில் வைத்தாள். "எப்ப?" "காலைல." "எத்தன நாளா?" "இன்னைக்குத்தான்." சொல்லிவிட்டு, வேகமாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தாள். நூர்ஜகான் நம்பினாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. திட்டுவாள் என்று நின்றாள், அணைத்துக்கொள்வாள் என்றும் நின்றாள். நூர்ஜகான் இரண்டும் செய்யவில்லை. நாற்காலியை இழுத்து அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் போட்டு, மகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தாள். வெகு நேரம் கழித்து அப்பாவின் முழங்கை இறங்கியது. வாய் திறந்தது. இரண்டு வாய் ஊட்டிவிட்டு, திரும்பாமலேயே நூர்ஜகான் சொன்னாள். "சாவி எங்கிட்டயே இருக்கட்டும்." தாட்சாயணி சரி என்றாள். "நான் வருவேன். காலைல வருவேன், சாயங்காலம் வருவேன். சொல்லிட்டு வரமாட்டேன்." தாட்சாயணி நிலையில் சாய்ந்து நின்றாள். பயமாக இருந்தது. வரட்டும் என்றும் இருந்தது.